ஒற்றைத் தூண் தாங்குமா?

ரயில்வேயில் வேலை பார்த்த எவர் வீட்டிலும் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கும். மாற்றலாகிப் போன ஊர்களுக்கெல்லாம் எங்களோடு வந்த பெட்டி, இப்போது ஆர்.கே.புரத்தில் என் மகளுக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பின் பரணில் இருக்கிறது. சென்ற ஆடி மாதம் அதைத் திறந்தபோது அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பதினான்கு ஃபிளாப்பிகள்.

1990-களில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமை பஜனை நடத்தி வந்தோம். ஆண்டுக்கு ஒரு மலரும் வெளியிட்டோம். கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவரே அதற்குத் தட்டச்சு, பக்க அமைப்பு எல்லாம். அவர் ஓய்வு பெற்றுக் கோவைக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டார். என்னிடமிருந்த மலர்களைக் கரையான் தின்றுவிட்டது. 1998-ஆம் ஆண்டு மலரில் என் மனைவி 'தில்லியில் முதல் குளிர்காலம்' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அவள் எழுதி அச்சில் வந்தது அது ஒன்றுதான். அவளும் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

எதிர்வீட்டுத் தம்பி கம்ப்யூட்டர் படிப்பவன். நேரு பிளேசிலிருந்து ஃபிளாப்பி படிக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தான். பதினான்கில் ஒன்பது திறந்தன. ஆனால் திரையில் தமிழைக் காணோம். தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிவரியாக நின்றன. அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் ஐரோப்பிய எழுத்துக்களின் இடத்தில் தமிழைத் தம் விருப்பப்படி அடுக்கி வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லையென்றால் படிக்க முடியாது.

தம்பி சற்று நேரம் இன்டர்நெட்டில் தேடிவிட்டு, சுரதா யாழ்வாணன் என்பவர் எழுதிய 'பொங்குதமிழ்' மாற்றியின் வழியில் வந்த ஒன்றைக் கண்டுபிடித்தான். பழைய எழுத்தைப் போட்டால் யூனிகோடில் மாற்றித் தரும். ஒரு பொத்தானை அழுத்தினான். என் மனைவியின் கட்டுரை திரையில் வந்து நின்றது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கம்பெனி செய்தது இதை?" என்றேன்.

"கம்பெனி எல்லாம் இல்லை அங்கிள். முதலில் எழுதினது ஒரே ஒருத்தர். ராத்திரி வேலை முடிச்சு வந்து உட்கார்ந்து எழுதியிருப்பார். காசு கூட வாங்கலை."

மகிழ்ச்சி பாதி, திகில் பாதி. அந்த ஒருவர் அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால்? செய்த பிறகு பிறர் அதைப் பார்த்து எழுத வழியில்லாமல் பூட்டி வைத்திருந்தால்?

தனி மனிதர்கள் போட்ட பாதை

கம்ப்யூட்டரில் தமிழ் வந்த கதையே பெரும்பாலும் தனி மனிதர்களின் கதைதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் விஞ்ஞானியாகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்து உலகத் தமிழருக்கு இலவசமாகக் கொடுத்தார். பிறகு 'தமிழா' குழுவினரின் 'இ-கலப்பை' வந்தது. அரசாங்கங்களும் பெரிய நிறுவனங்களும் தமிழைக் கவனிக்கு முன்பே இவர்கள் பாதை போட்டுவிட்டார்கள். தில்லியிலும் மும்பையிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்துகொண்டு தமிழில் கடிதம் எழுதிய நாம் எல்லோரும் அந்தப் பாதையில் போன பயணிகள், அதுவும் பெரும்பாலும் டிக்கெட் வாங்காத பயணிகள்.

இவற்றில் முரசு போன்றவை சொந்தத் தயாரிப்புகள். வேறு சில, செய்முறையையே ஊரறிய வெளியிட்டுவிடும் வகை. இதைத் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இன்று பாங்க், மருத்துவமனை, செல்போன் எல்லாவற்றிலும் இந்த வகை மென்பொருள் ஏதாவது ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் பலவற்றைக் கவனித்துக்கொள்பவர் ஒரே ஒருவர் என்று தம்பி சொன்னபோது எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது.

மிஸ்திரிஜியின் நோட்டு

டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்தவன் நான். சேர்ந்த சில ஆண்டுகளில் வடக்கே ஒரு ஜங்ஷனில் வேலை. அங்கே ஒரு மூத்த மெக்கானிக். எல்லோரும் மிஸ்திரிஜி என்றே அழைப்போம். ரிலே ரூமில் எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கோளாறு என்றால் அவருக்கு ஆள் போகும். பத்து நிமிடத்தில் சரியாகும். இருபது ஆண்டுகளில் அவ்வப்போது செய்த சிறு மாற்றங்களை வரைபடத்தில் யாரும் ஏற்றவில்லை. அவர் சட்டைப்பையில் ஒரு நோட்டு இருந்தது, அதில் குறித்து வைத்திருந்தார்.

ஒரு டிசம்பர் இரவு, கடும் மூடுபனி. பாயிண்ட் நகரவில்லை. மிஸ்திரிஜியோ மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் வரைபடத்தை விரித்தால், வயர் ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று சொல்கிறது. பாயிண்டைக் கையால் சுற்றி, எழுத்து மூலம் அனுமதி கொடுத்து, ஒவ்வொரு வண்டியாக ஊர்ந்து போகச் செய்தோம். விடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதிலிருந்த குறியீடுகள் அவர் ஒருவருக்கே விளங்கும். படுத்தபடியே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

பிறகு விசாரணை. மிஸ்திரிஜி மேல் குற்றச்சாட்டு எழுத வேண்டும் என்றார்கள் சிலர். ஒரு மூத்த அதிகாரி மட்டும், "இருபது வருஷமாக இந்த நோட்டைக் காட்டு என்று நம்மில் யாராவது கேட்டோமா?" என்றார். அறையில் யாரும் பேசவில்லை.

தனி ஒருவரை நம்பிய பிறகு அவர் இல்லாமல் போனால் அவரைக் குறை சொல்வது எளிது. உண்மையில் பொறுப்பு நம்பியவர்களுடையது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

உலகம் கற்ற பாடங்கள்

கம்ப்யூட்டர் உலகில் மிஸ்திரிஜிகள் நிறைய. ஓபன்-எஸ்.எஸ்.எல். என்று ஒரு மென்பொருள்; பாங்க் பக்கத்தைத் திறக்கும்போது தெரிகிற பூட்டுப் படத்துக்குப் பின்னால் வேலை செய்வது இது போன்ற ஒன்றுதான். 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது தெரிய வந்தது, உலகமே அலறியது. அப்போதுதான் தெரிந்தது, அதற்கு முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர், ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்று. கோடி கோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் அதன் பிறகே பணத்தோடு வந்தன.

2024-ல் நடந்தது இன்னும் விபரீதம். ஃபைல்களைச் சுருக்கிக் கட்டுவதற்கு 'எக்ஸ்.இசட்.' என்று ஒரு கருவி. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் எங்கும் உண்டு. பின்லாந்தில் லாசே காலின் என்பவர் பல ஆண்டுகளாகத் தனியாகப் பராமரித்து வந்தார். 2022-ல் முன்பின் தெரியாத சிலர், ஏன் இவ்வளவு தாமதம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று நச்சரித்தார்கள். தமக்கு மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவரே எழுதினார். அந்த நேரத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தார்.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். தம் கம்ப்யூட்டரில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கண்டு, ஏன் என்று தோண்டிப் பார்த்தார். மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அந்தப் பதிப்பு பரவலாகப் போய்ச் சேருமுன் தடுத்துவிட்டார்கள். அரை விநாடிதானே என்று அவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதிலிருந்து இன்னொரு பாடம்: இரண்டாவது ஆள் இருந்தால் மட்டும் போதாது, ஒருவர் வேலையை இன்னொருவர் சோதிக்க வேண்டும். ரயில்வேயில் ரிலே ரூமுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், மற்றது சிக்னல் ஆளிடம். வயரைத் தொட்டால் எழுத்தில் ஏற வேண்டும், சோதித்த பிறகே வண்டி விட வேண்டும். இந்த ஒழுங்கு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹானகா பஜாரில் பார்த்தோம். 290-க்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த விபத்தின் விசாரணை, சிக்னல் வயரிங் மாற்றங்களில் நடந்த தவறுகளையே சுட்டிக்காட்டியது.

பெரிய கம்பெனி போதாதா?

"இந்த வம்பே வேண்டாம், பெரிய கம்பெனியின் பொருளையே வாங்கிக்கொள்வோம்" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும்படி கூகுள் ஒரு தமிழ் எழுதும் கருவியைக் கொடுத்து வந்தது. நம்மில் பலர் பயன்படுத்தினோம். பிறகு அந்த நிறுவனமே அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பெரியவர்கள் கடையைக் கட்டும்போது வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திறந்த மூலத்தில் ஆள் போனாலும் வரைபடம் ஊரில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

நல்லபடி கைமாறியதற்கும் உதாரணம் உண்டு. இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் 'கீமேன்' என்ற மென்பொருளின் மேல் அமைந்தவை. ஆஸ்திரேலியாவின் மார்க் டர்டின் 1990-களில் உருவாக்கியது அது. 2015-ல் எஸ்.ஐ.எல். என்ற மொழி அமைப்பு அதை ஏற்றுக்கொண்டு, பின்னர் திறந்த மூலமாகவே வெளியிட்டது. டர்டினும் கூடவே இருந்தார். ஆனால் பாரம் அவர் ஒருவர் தோளில் இல்லை. நம் வீட்டு உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நூல்களைப் பகிர்ந்துகொண்டு தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். பழைய எழுத்துருக்களில் இருந்தவற்றைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். என் ஃபிளாப்பிகளுக்கு நேர்ந்த கதி அந்த நூல்களுக்கு நேரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கெடுப்பு. நமது சங்கமும், தில்லியில் உள்ள மற்றச் சிறு அமைப்புகளும், உறுப்பினர் பட்டியல், மலர், கணக்கு ஆகியவற்றுக்கு எந்த மென்பொருளை நம்பியிருக்கின்றன? அதைக் கவனிப்பவர் யார், எத்தனை பேர்? ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதி ஆபத்து கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றையெல்லாம் மாற்றிகள் கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, வெவ்வேறு வீடுகளில் பிரதி வைப்பது. யூனிகோடைத் தமிழக அரசே 2010-ல் ஏற்றுக்கொண்டுவிட்டது. இனியும் தள்ளிப்போட நியாயமில்லை.

மூன்றாவது, பணம். பெங்களூரின் ஸெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், இத்தகைய மென்பொருட்களுக்காக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. நம்மால் அவ்வளவு முடியாது. ஆனால் நம் மலை மந்திர் பலர் கொடுத்த காணிக்கையில்தானே எழுந்தது? அன்னதானத்துக்கு எழுதும் அதே கை, தமிழ் மென்பொருளுக்கும் ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் எழுதலாம். சிலர் பணம் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதமாவது எழுதலாம்; நச்சரிக்காமல் இருக்கலாம்.

நான்காவதுதான் முக்கியம்: ஆள். நம் பிள்ளைகளில் கம்ப்யூட்டர் படிக்காதவர் குறைவு. தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகூட ஒரு தமிழ் மென்பொருளைச் சோதித்துப் பிழை சொல்லலாம், பயன்படுத்தும் விதத்தை எழுதி வைக்கலாம், மெல்ல மெல்ல இரண்டாவது ஆளாக வளரலாம். ஞாயிறு தமிழ் வகுப்போடு இதையும் சேர்த்தால், தமிழ் தங்களுக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பதில் கிடைக்கும். எதிர்வீட்டுத் தம்பி தொடங்கிவிட்டான். மாற்றியில் 'ஸ்ரீ' தவறாக விழுந்த ஓர் இடத்தை அவனே திருத்தினான்.

என் மனைவி அந்தக் கட்டுரையில், தில்லிக்கு வந்த முதல் டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்ததையும், அது கெட்டுவிட்டது என்று எண்ணிக் கொட்டப் போனவளைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் தடுத்து வெயிலில் வைக்கச் சொன்னதையும் எழுதியிருக்கிறாள். நான் மறந்தே போயிருந்தேன். இப்போது அது மூன்று வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. மீதி ஐந்து ஃபிளாப்பிகள் திறக்கவில்லை. அவற்றில் யார் யார் எழுதியது இருந்ததோ?

உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பாருங்கள்.