அழியும் எழுத்தும் அழியா எழுத்தும்

ஸ்லேட்டில் பிழையாக எழுதிவிட்டால் கோவை இலையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவோம் என்று நம் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். மின்னணுக் கருவிகளுக்கும் அத்தகைய ஸ்லேட் ஒன்று உண்டு என்றால் வியப்பாக இல்லையா? அதன் பெயர் ஈப்ராம்.

ஒரு கருவி எவ்வாறு இயங்க வேண்டும் என்னும் கட்டளைகளைத் தாங்கி நிற்கும் சிலிக்கன் சில்லு அது. மின்சாரம் நின்றாலும் அதில் எழுதியது மறையாது. இஸ்ரேல் நாட்டவரான டோவ் ஃபுரோமன், அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றியபோது இதைக் கண்டுபிடித்தார். 1971ல் வெளிவந்த முதல் சில்லில் 256 எழுத்துகளுக்கே இடமிருந்தது. சில்லின் நடுவே ஒரு சிறு கண்ணாடிச் சன்னல். அதன் வழியே புற ஊதாக் கதிர்களைச் சுமார் 20 நிமிடம் செலுத்தினால், உள்ளே சிறைப்பட்ட மின்னூட்டம் வெளியேறி எல்லாம் அழிந்துவிடும். மீண்டும் எழுதலாம். நம் உப்பளத்து வெயிலில் ஒரு வாரம் திறந்து கிடந்தாலே அழிந்துவிடக்கூடும்! அதனால்தான் சன்னலின் மேல் காகிதம் ஒட்டி மறைப்பார்கள். அதே சில்லைச் சன்னல் இல்லாமல் மூடிவிட்டாலோ, எழுதியது எழுதியதுதான்.

நம் நாட்டு வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டளைகளும் ஒரே ஒரு முறை எழுதத்தக்க சில்லில்தான் உள்ளன என்கிறது தேர்தல் ஆணையம். 1982ல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்ட இவ்வியந்திரம், 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதற்கும் வந்தது. எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர் என்பது நமக்குப் பெருமை.

“அழிக்க முடியாது, ஆகவே ஐயம் எதற்கு?” என்பர் சிலர். என் கருத்து வேறு. எழுதியது மாறாது என்பது ஒன்று. எழுதியது சரி என்பது மற்றொன்று. பிழையோடு எழுதிப் பூட்டிவிட்டால் பிழையும் அல்லவா நிலைத்துவிடும்? எனவே பூட்டும் வேண்டும். சோதித்துப் பார்க்க வழியும் வேண்டும்.

2024 ஏப்ரல் 26ல் உச்ச நீதிமன்றம், ஒப்புகைச் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. ஆயினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால், 5 சதவீத இயந்திரங்களின் சில்லுகளைப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இதனை நான் வரவேற்கிறேன். கணக்கைச் சரிபார்க்கும் ஆசிரியை மாணவியைக் கள்ளி என்றா சொல்கிறார்? சரிபார்த்த கணக்குக்கே மதிப்பு அதிகம்.

தோழியரே! 18 வயது நிரம்பியதும் நாமும் வாக்களிப்போம். பொத்தானை அழுத்தியதும் ஒப்புகைச் சீட்டு 7 வினாடிகள் கண்ணாடிக்குப் பின்னே தெரியும். அவசரப்பட்டு வெளியேறாமல் அதை நின்று படிப்போம். நம்புவது நன்று, பார்த்து நம்புவது அதனினும் நன்று.