பிளக்காத அணுவும் முதலாண்டுப் பாடமும்

கல்பாக்கத்தில் தத்துவப் பேச்சு எடுத்தால் அது அணுவில் தொடங்குவது இயல்பு. ஊரின் பிழைப்பே அணுவை நம்பி இருக்கிறது. அந்தப் பேச்சு போய் முடிகிற இடம்தான் எனக்கு உறுத்துகிறது. “அணுவை முதலில் எண்ணிப் பார்த்தவர்கள் கிரேக்கர்கள். தத்துவம் பிறந்ததும் அங்கேதான். தமிழில் இருப்பது பக்தியும் நீதியும்.” நன்கு படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். பண்டைத் தத்துவத்தின் முதல் பாடத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் இந்த எண்ணத்தோடுதான் வகுப்பில் உட்காருகிறார்கள். இது தவறு.

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாவது காதையைப் பாருங்கள். ஒரு பெண் ஆண் துறவி வேடமிட்டு வஞ்சி நகரில் பத்து வாதிகளிடம் போகிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் “உங்கள் கொள்கை என்ன” என்று கேட்கிறாள். பெரும்பாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறாள். பண்டைத் தத்துவத்துக்கு ஓர் அறிமுகப் பாடத்திட்டம் எழுதச் சொன்னால் நானும் இப்படித்தான் எழுதுவேன்.

‘அது சமயம், தத்துவம் அல்ல’ என்பது முதல் எதிர்வாதம். காதையின் முதல் வாதி கடவுளைப் பற்றித் தொடங்கவில்லை. எதை வைத்து அறிகிறோம் என்பதில் தொடங்குகிறான். காண்டல், கருதல், உவமம் தொடங்கி மீட்சி, ஒழிவறிவு வரை அறியும் வழிகள் பத்து. வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று ஆசிரியர்களின் வேறுபாடும் அங்கேயே சொல்லப்படுகிறது. கடைசியில் வரும் பூதவாதி கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பவன். ஆத்திப்பூவும் வெல்லமும் சேர்ந்தால் மயக்கம் பிறப்பது போலப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? இதைத் தத்துவம் இல்லை என்று தள்ளுபவர், மறுபிறவி பேசிய பித்தாகரசையும் மன அமைதியே குறிக்கோள் என்ற எபிக்கூரசையும் சேர்த்தே தள்ள வேண்டும்.

‘காலத்தால் பிந்தியது’ என்பது அடுத்தது. மணிமேகலையின் காலம் பற்றி வழக்கு உண்டு. ஆறாம் நூற்றாண்டுக்குத் தள்ளுவோரின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். பண்டைத் தத்துவப் பாடங்கள் மூன்றாம் நூற்றாண்டின் புளோட்டினசைச் சேர்க்கின்றன. ஏதென்சில் தத்துவப் பள்ளி மூடப்பட்ட 529ஆம் ஆண்டு வரையும் பல பாடங்கள் வருகின்றன. அந்த வரம்புக்குள், அல்லது அதன் விளிம்பில், நம் நூலும் நிற்கிறது.

‘வடமொழியிலிருந்து வாங்கியது’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் தர்க்கம் சொல்லித்தரும் இருபத்தொன்பதாம் காதை ‘நியாயப்பிரவேசம்’ என்ற வடமொழிப் பௌத்த நூலோடு மிக நெருங்கிப் போகிறது. வாங்கியதால் ஒரு நூல் விலக்கப்படும் என்றால் லுக்ரீஷியசும் சிசரோவும் பாடத்தில் இருக்க முடியாது. இருவரும் கிரேக்கச் சரக்கை இலத்தீனில் தந்தவர்கள்தாம். அந்நாளின் காஞ்சி கொடுக்கும் இடமாகவும் இருந்தது. நாலந்தாவின் தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று யுவான் சுவாங் எழுதுகிறார்.

இனி அணுவுக்கு வருகிறேன். என் மனம் அதிகம் தங்குவது இங்கேதான். மணிமேகலையின் ஆசீவகன் உயிரையும் நால்வகை அணுக்களையும் சொல்கிறான். நில அணு வன்மையானது, நீர் அணு குளிர்ந்து கீழே இறங்கும், தீ அணு சுட்டு மேலெழும், காற்றணு குறுக்கே அசையும். தனி அணு கண்ணுக்குத் தெரியாது, கூட்டம்தான் தெரியும். மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாமல் திரண்ட மயிர் தெரிவது போல. லுக்ரீஷியஸ், தொலைவில் மேயும் ஆட்டுமந்தை குன்றின்மேல் அசையாத வெள்ளைத் திட்டாய்த் தெரிவதைச் சொல்வார். இரண்டு உவமைகளும் உறவினர் போல இருக்கின்றன. கொள்கை வேறு. கிரேக்க அணுவாதி டெமாக்ரிட்டசுக்கு அணுவில் வடிவம் உண்டு, இனிப்பும் கசப்பும் கிடையாது. அவை நம் வழக்கில் மட்டும் உள்ளவை. ஆசீவகனுக்கோ குளிர்ச்சியும் சூடும் அணுவிலேயே இருக்கின்றன. குணம் பொருளில் இருக்கிறதா, உணர்பவரிடம் இருக்கிறதா? முதல் பருவத் தேர்வுக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

இங்கே எதிர்த்திசையில் கேட்கும் பெருமையையும் மறுத்தாக வேண்டும்: ‘அணு விஞ்ஞானம் முழுக்க நம் முன்னோருக்குத் தெரியும்.’ தெரியாது. ஆசீவகன் தெளிவாகச் சொல்கிறான்: அணு ஒன்று இரண்டாகப் பிளக்காது, அவல் போலத் தட்டையாகப் பரவாது, நீர் அணு நில அணுவாக மாறாது. 1983இல் கல்பாக்கத்தின் முதல் மின்உலை இயங்கத் தொடங்கியது அணு பிளப்பதால். 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையின் அடிப்படையே யுரேனியம் புளூட்டோனியமாக மாறுவது. அவன் இல்லை என்ற இரண்டும் இந்த ஊரில் அன்றாடம் நடக்கின்றன. அதனால் அவன் தத்துவ ஞானி இல்லை என்றாகாது. மாறும் உலகில் மாறாதது எது என்று கேட்டு, விடைக்குக் காரணமும் சொன்னான்.

ஆசீவகர் என்ற அந்தப் பிரிவினரின் சொந்த நூல்கள் அழிந்துவிட்டன. அவர்களை எதிர்த்தவர்கள் எழுதியதில்தான் அவர்கள் பிழைத்திருக்கிறார்கள்: பௌத்த மணிமேகலை, சமண நீலகேசி, சைவச் சிவஞான சித்தியார். ஏ. எல். பாஷம் 1951இல் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது இந்தத் தமிழ் நூல்களிடம் வர வேண்டியிருந்தது. உ.வே.சா. மணிமேகலையை 1898இல் அச்சிட்டுவிட்டார். நூல் கிடைக்காத குறையும் நமக்கு இல்லை. ஆட்டுமந்தையையும் மயிர்க்கற்றையையும் அருகருகே வைத்துப் படிக்க ஒரு மணி நேர வகுப்பு போதும்.