நிரப்பப்படாத நாற்காலிகள்

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் குறைந்தது 4 சதவீத இடம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். ஒதுக்கீட்டில் குறையில்லை. எந்தப் பணி யாருக்குப் பொருந்தும் என்று பட்டியல் போடுகிறார்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கோப்பு படிக்க வேண்டிய வேலை என்று சொல்லிப் பார்வையற்றவரை ஒதுக்குவது இன்று எப்படிப் பொருந்தும்? கோப்புகள் கணினிக்குப் போய்விட்டன. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முற்றிலும் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெபின் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்கே போய்விட்டார். நீதிபதி பதவிக்கும் பார்வையின்மை தடையாகாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறமும் ஓர் எழுத்தர் வேலைக்குத் தயங்குவது திறமையைப் பற்றிய கவலை அல்ல, மனத்தடை. ஒதுக்கிய இடத்துக்குத் தகுதியானவர் கிடைக்காவிட்டால் அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதும் இல்லையென்றால் வேறு வகைக் குறைபாடு உள்ளவருக்குத் தரலாம். அதற்கும் ஆளில்லாதபோதுதான் மற்றவருக்கு என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. எனவே ஒவ்வொரு துறையும் தன்னிடம் தேங்கிக் கிடக்கும் இந்த இடங்களைப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். எங்கே, எத்தனை ஆண்டாகக் காலி என்பது வேலைக்குக் காத்திருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.