சுத்தமான மின்சாரம் என்று சொன்னால் போதுமா?

"நீர்மின்சாரத்தில் புகை இல்லை, எண்ணெய்க் கப்பலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, யாருக்கும் கெடுதல் இல்லை. திட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது." இலங்கையில் படித்தவர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள். புகை இல்லை என்பது உண்மை. மற்ற எல்லாவற்றையும் ஊவா மலை பொய்யாக்கிவிட்டது.

அங்கே ஓடும் உமா ஓயா ஆற்றின் நீரைச் சுரங்கத்தால் மலைக்கு அடியில் கொண்டுபோய், வெல்லவாயப் பக்கம் நிலத்துக்குள் இருக்கும் நிலையத்தில் விழவைத்து 120 மெகாவாட் எடுப்பதுதான் திட்டம். 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. பாறை வெடிப்புகளில் காலம்காலமாகத் தேங்கியிருந்த நிலத்தடி நீர் அது. அது வடிய வடிய, பண்டாரவளையைச் சுற்றிய ஊர்களில் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. 2017 ஜூனில் மக்கள் திரண்டு பண்டாரவளைத் தெருக்களில் இறங்கினார்கள். யாருக்கும் கெடுதல் இல்லை என்பவர்கள் அவர்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

எண்ணெய்க் கப்பலுக்குக் காத்திருக்காமல் வெளிநாட்டை நம்பாமல் இருக்கலாம் என்ற பேச்சும் நிற்கவில்லை. வேலையை எடுத்தது ஃபராப் என்ற ஈரானிய நிறுவனம். கடனும் ஈரானிலிருந்தே வந்தது. அந்த நாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியதும் கடன் நின்றது. மீதிச் செலவு இலங்கை அரசின் தலையில் விழுந்தது. 2015இல் முடியவேண்டிய திட்டம் 2024 ஏப்ரல் 24இல்தான் திறக்கப்பட்டது.

தோட்டத்து ஓடைகளிலேயே சிறிது சிறிதாக மின்சாரம் எடுக்கலாமே என்றால், "120 மெகாவாட்டை ஓடைகள் தருமா?" என்று கேட்பார்கள். தராது. நாட்டுக்குப் பெரிய நிலையங்களும் வேண்டும். ஆனால் அவை மட்டும் போதும் என்று நினைத்ததால் நம்மிடம் இருந்ததையும் இழந்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் மலையகத்தின் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தங்கள் ஓடையிலேயே டர்பைன் ஓட்டித் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தின. தேசிய மின்கம்பி வந்தபின் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. இன்று அடைமழையில் கம்பி அறுந்தால், பக்கத்திலேயே ஓடை கரைபுரண்டு ஓட, ஸ்டோர் இருண்டு கிடக்கிறது. வாட்டப் பரப்பிய கொழுந்துக்குக் காற்றடிக்கும் விசிறி நின்றுவிட்டால் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். அன்றைய உழைப்பு வீண்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் எங்கும் மண் சரிந்தது, பாதைகள் துண்டிக்கப்பட்டன, கரண்டும் போனது. அப்படிப்பட்ட நாளில் ஓடை வாய்க்காலும் உடையலாம்தான். ஆனால் அதைத் தோட்டத்து ஆட்களே மண்வெட்டியோடு போய்த் திருத்தலாம். தூரத்து மின்கோபுரம் சாய்ந்தால் பாதை திறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அரசிடமும் தோட்டக் கம்பனிகளிடமும் கேட்பது இவ்வளவுதான். இனி எந்த மலையைக் குடைவதானாலும் முதலில் அங்குள்ள கிணறுகளையும் ஊற்றுகளையும் அளந்து பதியுங்கள். நீர் வற்றினால் நட்டஈடு யார் தருவது என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக் கையொப்பமிடுங்கள். துருப்பிடித்த டர்பைன்களைத் திருத்தி, ஓடையில் மீனுக்கும் மக்கள் நீர் பிடிக்கும் பீலிக்கும் நீர் விட்டு, ஸ்டோருக்கும் தொழிலாளர் வாழும் லயத்துக்கும் சேர்த்து மின்சாரம் கொடுங்கள். மலையில் வாழ்பவர்களின் குடிநீரைப் பறித்து எடுக்கும் மின்சாரத்தைச் சுத்தமானது என்று அழைக்க எவருக்கும் உரிமையில்லை.