காலைப் பரபரப்பைக் குறைக்க...

எட்டு மணிக்குள் டிபனும் மதியச் சாப்பாடும் தயாராக வேண்டிய வீடுகளுக்குச் சில யோசனைகள்:

* ரவையை மொத்தமாக வறுத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். சீக்கிரம் வண்டு வராது. உப்புமா 10 நிமிடத்தில் தயார்.

* கெட்டி அவலை அலசி, நீரை வடித்து 10 நிமிடம் மூடி வைத்தால் போதும். கடுகு, வேர்க்கடலை, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, மஞ்சள்தூளுடன் அவலைப் போட்டுப் புரட்டி எலுமிச்சை பிழிந்தால் மும்பை போஹா.

* இரவு கொண்டைக்கடலை ஊற வைக்க மறந்துவிட்டதா? கொதிக்கும் நீருடன் ஹாட்பேக்கில் மூடி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் குக்கரில் வைக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

* மீந்த சாதத்தை இரவு முழுக்க வெளியே வைக்காமல், ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் நன்றாகச் சூடாக்கினால் எலுமிச்சை சாதத்துக்கு ஆகும்.

* ராஜ்மாவில் மட்டும் அவசரம் கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இரவு முழுக்க ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குக்கரில் குழைய வேக விடுங்கள். நேரமில்லாத நாளில் ராஜ்மாவுக்குப் பதில் பாசிப்பருப்பு போதுமே!