மே 14ஐ நாங்கள் சொல்லவில்லை

மே 15 வந்தால் நெடுந்தீவில் குமுதினிக்காக விளக்கேற்றுவோம். 1985இல் அன்று காலை நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் போன குமுதினி என்ற படகை இலங்கைக் கடற்படையினர் கடலில் மறித்தார்கள். சனத்தைக் கீழே அடைத்துவைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கத்தியாலும் கோடரியாலும் வெட்டினார்கள். பெயரையும் ஊரையும் உரத்துச் சொல்லச் சொல்லி வெட்டியதாகத் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். கைக்குழந்தையையும் விடவில்லை. குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது; ஊரில் நாங்கள் சொல்வது முப்பதுக்கு மேல். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வெட்டுப்பட்ட சனத்தைச் சுமந்த அதே படகு திருத்தப்பட்டு, பல வருடங்கள் எங்களை ஏற்றி இறக்கியது.

இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அதற்கு முதல் நாள் நடந்ததைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மே 14 அன்று விடுதலைப் புலிகள் அநுராதபுரத்துக்குள் புகுந்து, பேருந்து நிலையத்தில் நின்ற சனத்தையும் ஸ்ரீ மகாபோதியில் கும்பிட வந்தவர்களையும் சுட்டார்கள். 146 பேர் இறந்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் வல்வெட்டித்துறையில் இராணுவம் ஏறத்தாழ 70 பேரைக் கொன்றிருந்தது. வல்வெட்டித்துறைக்கு அநுராதபுரம், அநுராதபுரத்துக்குக் குமுதினி என்று ஒரு கிழமைக்குள் கணக்குத் தீர்க்கப்பட்டது. தீர்த்தவர்கள் யாரும், சுட்டவனையோ வெட்டியவனையோ தேடிப் போகவில்லை. அவனுடைய இனத்தில் பிறந்தவர் எவர் கையில் அகப்பட்டாரோ அவரே போதும் என்று இருந்தார்கள்.

அநுராதபுரச் செய்தி கேட்டபோது எங்களில் பலர் வாய் திறக்கவில்லை. ‘இனியாவது அவங்களுக்கு வலி விளங்கட்டும்’ என்றவர்களும் இருந்தார்கள். அதைக் கேட்டவர்கள் மறுத்துப் பேசவில்லை. பயம் ஒரு காரணம், அது உண்மை. ஆனால் பயம் விட்டுப்போன பிறகும், வெளிநாடுகளில் யாரும் எங்களைத் தடுக்காத இடங்களிலும், மேடைகளில் மே 14ஐ விட்டுவிட்டு மே 15இலிருந்தே கதையைத் தொடங்கினோம். அதற்குப் பயத்தைக் காரணம் காட்ட எங்களால் முடியாது.

புங்குடுதீவில் கண்ணகைக்குக் கோயில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். அரசன் செய்த பிழைக்கு ஒரு நகரத்தையே எரித்தவள் அவள். அந்தக் கோபத்திலும் முதியவரையும் குழந்தையையும் தீண்டாதே என்று தீக்குக் கட்டளை இட்டாள். பேருந்துக்குக் காத்திருந்த கிழவிக்கும் படகில் இருந்த கைக்குழந்தைக்கும் அந்த விலக்கு கிடைக்கவில்லை. எங்கள் தெய்வம் வகுத்த எல்லையை எங்கள் பெயரால் துவக்குத் தூக்கியவர்கள் தாண்டியபோது, அதைச் சொல்லவேண்டிய முதல் ஆட்கள் நாங்களே.

சொன்னவர்கள் இருந்தார்கள். ராஜினி திரணகமவும் நண்பர்களும் ‘முறிந்த பனை’ நூலில் எல்லாத் தரப்புக் கொலைகளையும் எழுதினார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று ராஜினி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரையும் நாங்கள் காக்கவில்லை. அவர் தொடங்கிய வேலையையும் ஊர்தோறும் எடுத்துச் செல்லவில்லை.

இதைச் சொல்வதால் கடற்படையின் குற்றம் ஒரு துளியும் குறையாது. சம்பளம் கொடுத்து, சீருடை கொடுத்து, பிறகு மறுத்தும் காத்தும் நின்றது அரசு. அதன் பொறுப்பு பெரிது, அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் தண்டனை கேட்பவனுக்கு ஒரு கடமை உண்டு. குற்றவாளி யார் என்று ஆளைக் காட்டவேண்டும், சாட்சியைக் கூண்டில் ஏற்றவேண்டும், எதிராளி சொல்வதையும் கேட்கவேண்டும். பழிக்கு இது ஒன்றும் தேவையில்லை. அநுராதபுரத்தைப் ‘பதிலடி’ என்று ஏற்றுக்கொண்ட நாளிலேயே, குமுதினியை அதே சொல்லால் மூடிவிட மற்றவனுக்கும் வழிவிட்டோம்.

குமுதினிக்கு நீதி கேட்டு நாங்கள் எழுதும் அடுத்த மனுவில் வல்வெட்டித்துறை, அநுராதபுரம், குமுதினி என்று மூன்று பெயர்களும் இருக்கவேண்டும், மூன்றுக்கும் விசாரணை கேட்கவேண்டும். அநுராதபுரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு முன்னால் இருந்து வாசிக்கக்கூடியதாக அது எழுதப்படவேண்டும். அதைச் சிங்களத்திலும் எழுதவேண்டும்.