பேரனின் தூண்டில் கோலும் பெரியப்பாவின் கொட்டாப்புளியும்

சென்ற மாதம் என் மகள் தொலைபேசியில் ஒரு வழக்கைக் கொண்டுவந்தாள். வாதி அவள், பிரதிவாதி பதின்மூன்று வயதுப் பேரன், நான் நீதிபதி. சனிக்கிழமை காலையில் கணக்கு வகுப்புக்குப் போகவேண்டிய பிள்ளை, பக்கத்து வீட்டு முதியவரின் நிலவறையில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் கோலுக்குக் கைப்பிடி செய்கிறானாம். "நீங்களே சொல்லுங்கப்பா, கடையில முப்பது நாற்பது டாலருக்கு ரீலோட கிடைக்குது. இதுக்கு எதுக்கு மூணு மாசம்?" என்றாள்.

அலுவலகத்தில் இருந்த காலத்தில் எந்தக் கோப்பிலும் நான் உடனே கையெழுத்திட்டவனில்லை. இதிலும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். என் கருத்தை அவளுக்குச் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

மகள் இருப்பது கனடாவின் கெபெக் மாகாணத்தில், துருவா ரிவியேர் என்னும் ஊரில். பிரெஞ்சு பேசும் ஊர். பிரெஞ்சு வழியில் படித்த நான் அங்கே போய்ச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு முசியே முதல்நாள் பேசியபோது பாதி புரியவில்லை. 'முவா' என்று எங்கள் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்த சொல்லை அவர் 'முவே' என்கிறார். எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் அந்த எழுபத்தெட்டு வயது மனிதரையும் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பார். பத்து நாளில் காது பழகிவிட்டது. பிறகு நாங்கள் இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

சென்ற குளிர்காலத்தில் அவர்தான் எங்களை சேன்த் ஆன் த லா பெராத் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போனார். ஆறு முழுவதும் உறைந்து கிடக்கிறது. அதன்மேல் தெருத்தெருவாக மரக்குடிசைகள். ஒவ்வொன்றிலும் விறகு அடுப்பு. கடலிலிருந்து குஞ்சு பொரிக்க ஆறேறி வரும் பூலமோன் என்ற சிறு மீனைக் குடிசைத் தரையில் உள்ள திறப்பு வழியாகப் பிடிக்கிறார்கள். 1938இல் யூஜேன் மையோ என்பவர் ஆற்றில் பனிக்கட்டி அறுக்கப் போனபோது இந்த மீனைக் கண்டதிலிருந்து தொடங்கிய வழக்கம் என்கிறார்கள். அங்கே கோலே வேண்டாம். குடிசைக்குள் குறுக்கே ஒரு கட்டை, அதிலிருந்து தொங்கும் கயிறுகள், அவ்வளவுதான். தரை உறைந்த ஆறு என்பதை மறந்து நான் செருப்பைக் கழற்றப் போனேன், பேரன் சிரித்தான்.

கோல் தேவைப்படுவது ஏரிகளில். பனியில் துளை போட்டுப் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்துகொள்வதால் நம் ஊர் மூங்கில் கழிபோல நீளம் வேண்டாம். இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி. மீன் குளிரில் மந்தமாக இருக்கும், தூண்டிலை வெடுக்கென்று இழுக்காது, உதட்டால் தொட்டுப் பார்க்கும். அந்தத் தொடுதல் தங்கூசி வழியாகக் கோலின் நுனிக்கு வந்து, அங்கிருந்து விரலுக்கு வரவேண்டும். ஆகவே நுனி மெல்லியதாக, அடி கெட்டியாக இருக்கவேண்டும். தங்கூசி ஓடும் வளையங்கள் சற்றுப் பெரியவையாக இருக்கவேண்டும். சிறியவை என்றால் நனைந்த நூல் கொண்டுவரும் நீரே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வெற்றுக் கோலைக் கடையில்தான் வாங்குகிறார், கண்ணாடி இழையில் செய்தது. மற்றதெல்லாம் அவர் கைவேலை. கைப்பிடிக்கு மேப்பிள், வால்நட், செர்ரி மரங்களை வட்டவட்டத் துண்டுகளாக அறுத்து, நடுவில் துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்தபின் கடைசல் இயந்திரத்தில் கடைகிறார். வெளுத்த மேப்பிளுக்கும் கறுத்த வால்நட்டுக்கும் நடுவே காகிதம் போன்ற ஒரு மெல்லிய மரப்பட்டை. கடைந்து முடித்ததும் வளையல் அடுக்கியது போல் இருக்கிறது. சில கோல்களுக்கு மேப்பிள் மரத்தின் முண்டிலிருந்து எடுத்த துண்டைப் போடுகிறார். அதன் ரேகைகளைப் பார்த்துக்கொண்டே அரைமணி உட்காரலாம். பிறகு வளையங்களைப் பட்டு நூல் போன்ற நூலால் சுற்றிக் கட்டி, மேலே எபாக்சி பூசி, நிமிடத்துக்குச் சில சுற்று சுற்றும் சிறு மோட்டாரில் மாட்டிவிடுகிறார். சுற்றாமல் வைத்தால் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து தொங்கிவிடும். அது காயும் வரை பேரன் எதிரில் உட்கார்ந்திருப்பானாம். கணக்கு வகுப்பில் அவனைப் பத்து நிமிடம் உட்கார வைக்க முடியவில்லை என்பது மகளே கொடுத்த சாட்சியம்.

இனி அவளுடைய கட்சி. அழகான கைப்பிடியால் ஒரு மீன் அதிகமாக விழப்போவதில்லை. உண்மை. கைப்பிடிக்குத் தக்கை மரத்தை விட லேசானதும் கைக்குச் சூடானதுமாகும். அதுவும் உண்மை. கனத்த மரத்தை மேலும் மேலும் ஏற்றி, கண்ணாடி போல் பூச்சு அடித்து, ஈரக் கையுறையில் வழுக்கும்படி செய்த கோல்களை நானே ஒரு கடையில் பார்த்தேன். அவை சுவரில் மாட்டத்தான் லாயக்கு. முசியேவும் அவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் பிடிக்கும் இடத்தில் பளபளப்பு வைப்பதில்லை, எண்ணெய் தேய்ப்பதோடு சரி. ரீலை மாட்டிய பிறகு கோலை ஒற்றை விரலில் நிறுத்திப் பார்ப்பார். நிற்காவிட்டால் மறுபடியும் மரத்தைக் குறைப்பார்.

ஆனால் கடைக்கோல் யாருடைய கைக்கும் அளவெடுத்துச் செய்ததல்ல. முசியேவுக்கு வாதத்தில் விரல்கள் மடங்குவதில்லை. அவருடைய கோலின் பிடி கத்தரிக்காய் போல் பருத்திருக்கிறது, மூடாத கையிலும் நழுவாது. பேரனுக்குச் செய்வது மெலிந்தது. அவன் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டுதான் ஆரம்பித்தார். பணம் கொடுத்து வாங்குவதில் இது கிடைக்குமா?

மகள் சொன்ன இன்னொரு வார்த்தைதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. "நீங்க உளி பிடிச்சிருந்தா நான் இன்னைக்கு இங்க இருப்பேனா?"

என் பெரியப்பா தச்சு வேலை செய்தவர். பழைய புதுச்சேரி வீடுகளின் சன்னல் கதவுகளில் அவர் கை பட்டவை பல உண்டு. பள்ளிவிட்டு வரும் வழியில் அவர் பட்டறையில் நிற்பேன். இழைப்புளியிலிருந்து சுருள்சுருளாக விழும் மரச்சீவலுக்காகவே நிற்பேன். ஒருநாள் உளியைக் கையில் எடுத்தேன். அப்பா பார்த்துவிட்டார். பிரெஞ்சு படிக்கிற பிள்ளைக்கு உளி எதற்கு என்று முதுகில் ஒன்று வைத்தார். பெரியப்பாவும் ஒன்றும் சொல்லாமல் உளியை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த மௌனம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. தன் வேலையைப் பற்றி அவரே அப்படித்தான் நினைத்திருந்தார் போலும்.

அப்பா செய்தது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படிப்பால்தான் சர்க்கார் சம்பளம், ஓய்வூதியம், மகளின் படிப்பு எல்லாம். மகள் சொல்வது சரிதான். ஆனால் அந்த அடியோடு வேறொன்றும் எனக்குள் இறங்கியது. முப்பத்தைந்து வருடம் மேசையில் உட்கார்ந்து, கையால் வேலை செய்கிறவனை ஒரு படி கீழே வைத்தே பார்த்தேன். பெரியப்பா போன பிறகு வீட்டை இடித்தபோது அவர் ஆயுதங்களைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டது நான்தான். எவ்வளவு கொடுத்தான் என்பதுகூட நினைவில்லை. என் பேரன் இந்த வியாதி இல்லாமல் வளர்ந்தால் கணக்கில் பத்து மதிப்பெண் குறைவதில் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே தீர்ப்பு: பையன் போகட்டும். கணக்கு வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். இதை அவளிடம் சொன்னேன். "நீங்க அவன் பக்கம்தான் பேசுவீங்கன்னு தெரியும்" என்று போனைப் பையனிடம் கொடுத்துவிட்டாள். ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

பையன் கேட்டது வேறு. "தாத்தா, கைப்பிடி நடுவுல உங்க ஊரு மரம் ஒரு வளையம் போடணும். ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. இரும்புக்காரன் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப்போன ஒன்றே ஒன்று, பெரியப்பாவின் கொட்டாப்புளி. புளிய மரம். ஐம்பது வருடத்துக்கு மேல் உளியின் தலையில் அடித்து அடித்து ஒரு பக்கம் குழிந்திருக்கிறது. இப்போது எங்கள் சமையலறையில் சுக்கு நசுக்குகிறது. என் மனைவி தரமாட்டேன் என்றாள். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, குழியில்லாத முனையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

நேற்றுத் தெருமுனைத் தச்சரிடம் கொண்டுபோனேன். ரம்பம் நடுவில் இரண்டு தடவை சிக்கிக்கொண்டது, அவ்வளவு கடினம். துண்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது எடுத்துப்போவேன். சுங்கத்தில் மரம் கொண்டுவருகிறேன் என்று படிவத்தில் எழுதித்தான் கொடுப்பேன். எழுத்தனாக இருந்தவன், படிவத்தை ஒழுங்காக நிரப்பத் தெரியும்.